தீயணைப்போரைத் தெரிவு செய்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இம்மேடையிலே சமயத்தைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேச என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கின்றனர். "இளைஞருக்குப் பயன்படும் விடயம் ஒன்றைப் பேசு, தம்பி" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். இங்கே இருக்கும் இளைஞரிற் சிலர் பரீட்சை எழுதிவிட்டு முடிவை எதிர்பார்த்திருப்பவர்கள்; வேறு சிலர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வருமா என்று பார்த்திருப்பவர்கள். ஆதலாற் பரீட்சையைப் பற்றியே பேசுவதெனத் துணிந்தேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டது நாம் எழுதும் பரீட்சையன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே தீயணைக்கும் படையிற் சேர விரும்பும் ஒருவர் கடக்கவேண்டிய பரீட்சையே அது.

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் இலிகிதரைத் தெரிவு செய்வதிற் பிழை நேர்ந்தால் ஒரு கடிதம் தாமதமாகும். ஒரு கோப்புத் தவறிப்போகும். தீயணைப்போனைத் தெரிவு செய்வதிற் பிழை நேர்ந்தால் மூன்றாம் மாடியிற் புகையினுள் அகப்பட்ட குழந்தை மாளும். அவனோடு உள்ளே சென்ற தோழனும் மாளுவான். ஆகவே, பரீட்சை என்பது எதை அளக்கவேண்டும் என்ற கேள்வி, வேறெந்தத் தொழிலிலும் பார்க்க இத்தொழிலிலே கூர்மையாக எழுகின்றது. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்துத் தெரிந்து வினையாடல் என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆளை ஆராய்ந்து நம்புவது ஒன்று. அவனுக்கு ஏற்ற வினையை அவனிடம் ஒப்படைப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு பெரிய நகரம் எப்படிச் செய்தது, எங்கே தவறியது, எவ்வாறு திருத்திக்கொண்டது என்பதே என் பேச்சின் பொருள்.

முதலிலே பழைய வழக்கத்தைச் சிறிது பார்ப்போம். ஸ்கொத்லாந்திலே எடின்பரோ நகரத்தில் 1824ஆம் ஆண்டில் தீயணைக்கும் படை ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்னும் இளைஞர். அவர் தம் படைக்குக் கூரை வேய்வோர், தச்சர், கொத்தர், குழாய் வேலை செய்வோர், கொல்லர் ஆகியோரையே விரும்பிச் சேர்த்தார். கூரை வேய்பவனுக்கு உயரம் பழக்கம்; தச்சனுக்கும் கொத்தனுக்கும் எந்த உத்திரம் தாங்கும், எந்தச் சுவர் சரியும் என்பது கண்ணாலேயே தெரியும்; கொல்லன் யந்திரத்தைத் திருத்துவான். பின்னர் இலண்டனிலே 1861ஆம் ஆண்டு பொறுப்பேற்ற எயர் மாசி ஷோ என்பவர் கப்பலோட்டிகளையே நாடினார். கயிறு ஏறுவதும், இரவிலே முறைபோட்டு விழித்திருப்பதும், ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுவதும் அவர்களுக்கு இயல்பு என்று அவர் கருதினார். இவ்விருவரும் எழுத்துப் பரீட்சை நடத்தித் தெரிவு செய்யவில்லை. ஆயினும் இருவருக்கும் ஒரு தெளிவு இருந்தது: வேலை என்ன என்று முதலிற் பார்த்து, அந்த வேலைக்கு வேண்டிய பழக்கம் எவனிடம் உண்டு என்று தேடினார்கள்.

இனி நியூயோர்க் நகரத்துக்கு வருவோம். அங்கே 1865ஆம் ஆண்டிலே சம்பளம் பெறும் படை ஏற்பட்டது. அதற்கு முன் தொண்டர் கூட்டங்களே நெருப்பை அணைத்து வந்தன. காலப்போக்கிலே தகப்பனுக்குப் பின் மகன், தமையனுக்குப் பின் தம்பி என்று சேரும் வழக்கம் அப்படையில் வேரூன்றியது. இதிலே நன்மையும் உண்டு; குலத்தொழில்போல அதன் துணிவும் பெருமையும் கைமாறி வந்தன. ஆனால் வேறொன்றும் கைமாறியது. பரீட்சைக்கு எப்போது விண்ணப்பம் கோருவார்கள், எதைப் படிக்கவேண்டும், எந்தத் தசையைப் பழக்கவேண்டும் என்னும் செய்தியெல்லாம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்துவிடும். மேசைக்கு வெளியே பிறந்தவனுக்கு அது கிடைப்பதில்லை. வெஸ்லி வில்லியம்ஸ் என்னும் கறுப்பினத்தவர் 1919ஆம் ஆண்டிலே அப்படையிற் சேர்ந்தபோது, அவருடன் ஒரே நிலையத்தில் இருக்க விரும்பாத பலர் தமக்கு வேறிடத்துக்கு மாற்றம் கேட்டார்கள். அவர் பொறுமையோடு நின்று, 1938ஆம் ஆண்டில் ஒரு பிரிவுத் தலைவராக உயர்ந்தார். 1940ஆம் ஆண்டில் வல்கன் சங்கம் என்னும் கறுப்பினத் தீயணைப்போர் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் பெயர் இப்பேச்சிலே மீண்டும் வரும்.

1964ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் பாராளுமன்றம் குடிமை உரிமைச் சட்டத்தை இயற்றிற்று. இனம், நிறம், சமயம், ஆண் பெண் என்ற பேதம் ஆகியவற்றைக் காட்டி வேலை மறுப்பதை அது தடுத்தது. 1972ஆம் ஆண்டிலே நகர சபைகளும் மாநில அரசாங்கங்களும் அதற்கு உட்படுத்தப்பட்டன. இடையிலே, 1971ஆம் ஆண்டில், அந்நாட்டு உயர்நீதிமன்றம் டியூக் மின்சாரக் கம்பனி வழக்கிலே ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கிற்று. ஒரு பரீட்சை ஒரு கூட்டத்தாரைப் பெருந்தொகையாக வெளியே தள்ளுமாயின், அந்தப் பரீட்சைக்கும் செய்யவேண்டிய வேலைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை வேலை கொடுப்பவனே நிரூபிக்கவேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சை வைத்தவனின் உள்நோக்கம் நல்லதாயினும் அது போதாது என்றும் நீதிமன்றம் கூறியது. அன்றுவரை பரீட்சார்த்தியைப் பரீட்சித்தார்கள். அன்றுமுதல் பரீட்சையையும் பரீட்சிக்கலாயினர்.

நியூயோர்க் படையிலே பெண்கள் விண்ணப்பிக்க முதன்முதல் இடமளிக்கப்பட்டது 1977ஆம் ஆண்டில். விண்ணப்பித்தவர்களுள் பிரெண்டா பேர்க்மன் என்னும் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர். எழுத்துப் பரீட்சையிற் பெண்கள் பலர் சித்தி எய்தினர். உடற்பரீட்சையிலோ ஒரு பெண்ணேனும் சித்தியடையவில்லை. பேர்க்மன் வழக்குத் தொடுத்தார். அந்த உடற்பரீட்சை பெரும்பாலும் பொதுவான பலத்தையும் வேகத்தையும் அளந்ததேயன்றி, தீயணைக்கும் வேலைக்கு வேண்டிய திறமையைத்தான் அளந்தது என்று நகர நிருவாகத்தால் நிரூபிக்க முடியவில்லை. 1982ஆம் ஆண்டிலே நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். வேலையோடு பொருந்திய புதிய பரீட்சை நடத்தப்பட்டு, அவ்வாண்டிலேயே ஏறத்தாழ நாற்பது பெண்கள் படையிற் சேர்ந்தனர். பேர்க்மனும் சேர்ந்து, கப்டன் பதவிவரை உயர்ந்து, 2006ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

அப்படியானால் வேலையோடு பொருந்திய பரீட்சை எது? இக்கேள்விக்கு விடை காண்பதற்காக 1997ஆம் ஆண்டிலே ஒரு முயற்சி தொடங்கியது. தீயணைப்போரின் தொழிற்சங்கமும் படைத் தலைவர்களின் சங்கமும், அதாவது வேலை செய்வோரும் வேலை வாங்குவோரும், ஒரே மேசையில் அமர்ந்தார்கள். ஐக்கிய நாடுகளையும் கனடாவையும் சேர்ந்த பத்து நகரப் படைகள் அதிற் பங்குபற்றின. 1999ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த உடற்றகுதிப் பரீட்சையைச் சிறிது விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இதனைக் கேட்டாலே அந்தத் தொழில் இன்னதென்று விளங்கிவிடும்.

பரீட்சார்த்திக்கு 50 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 22½ கிலோ நிறையுள்ள அங்கி ஒன்றை மாட்டிவிடுவார்கள். தீயணைப்போன் அணியும் கனத்த உடுப்புக்கும் முதுகிற் சுமக்கும் காற்றுக் குடுவைக்கும் அது ஈடு. தலையிலே கவசம், கையிலே உறை. எட்டுக் காரியங்கள், மொத்தம் 10 நிமிடம் 20 விநாடி. அதற்குள் முடித்தாற் சித்தி, ஒரு விநாடி பிந்தினாலும் இல்லை. இதிலே முதலாம் பிரிவு, இரண்டாம் பிரிவு என்பதில்லை.

முதலாவது படியேறுதல். அங்கியோடு தோள்களில் மேலும் 25 இறாத்தல் ஏற்றப்படும். உயரமான கட்டடத்துக்குக் குழாய்ச் சுருளைத் தூக்கிச் செல்வதற்கு அது ஈடு. ஓடும் படி யந்திரத்தின்மேல் நிமிடத்துக்கு 60 படி வீதம் 3 நிமிடம் ஏறவேண்டும். பலர் தோற்பது இங்கேதான் என்பார்கள். இரண்டாவது, தண்ணீர்க் குழாயைத் தோளிற் போட்டு 75 அடி இழுத்து, ஒரு மூலையிலே திரும்பி, மேலும் 25 அடி சென்று, முழந்தாளிட்டு மிச்சக் குழாயைக் கையாலே இழுத்தெடுத்தல். மூன்றாவது, இரண்டு யந்திர வாள்களை இறக்கி, கைக்கொன்றாகத் தூக்கி, போய்த் திரும்பி, இருந்த இடத்திலே வைத்தல். நான்காவது, 24 அடி ஏணியைக் கை மாற்றிக் கை மாற்றி நிமிர்த்துதலும், கயிற்றால் மற்றோர் ஏணியை நீட்டுதலும். ஐந்தாவது, 10 இறாத்தற் சம்மட்டியால், பூட்டிய கதவைப் போன்ற ஒரு பொறியை மணி ஒலிக்கும்வரை அடித்தல்.

ஆறாவது, இருட்டுச் சுரங்கம். நீளம் 64 அடி, உயரம் 3 அடி. உள்ளே இரண்டு திருப்பங்களும் தடைகளும் உண்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சுவரைத் தடவித் தடவித் தவழவேண்டும். பலசாலி ஒருவனுக்கு இருட்டிலே நெஞ்சு படபடக்குமாயின் அது இங்கே வெளியாகிவிடும். ஏழாவது, 165 இறாத்தல் நிறையுள்ள மனிதப் பொம்மையை 35 அடி இழுத்துச் சென்று திரும்பி மீண்டும் 35 அடி இழுத்தல். அஃது ஏறத்தாழ 75 கிலோ. வளர்ந்த ஆண்மகன் ஒருவனின் நிறை. எட்டாவது, கொக்கிக் கம்பினால் தலைக்கு மேலுள்ள தட்டை மும்முறை தள்ளி ஐம்முறை இழுத்தல்; இவ்வாறு நான்கு தரம். கூரைத் தட்டினுள் ஒளிந்திருக்கும் நெருப்பைத் தேடும் வேலை அது. ஒவ்வொரு காரியத்துக்கும் இடையே 85 அடி நடக்கலாம், ஓட அனுமதியில்லை. நெருப்பு நிகழ்ந்த இடத்திலே ஓடுபவன் தானும் விழுவான், பிறரையும் விழுத்துவான் என்பதே காரணம்.

இங்கே முன்வரிசையில் இருக்கும் ஐயாமார் ஒருவர் என்னைக் கேட்கலாம்: "தம்பி, வழக்குப் பேசி வழக்குப் பேசித் தரத்தைக் குறைத்துவிட்டால், நெருப்புக்கு அது தெரியுமா?" நியாயமான கேள்வி. நெருப்புக்கு ஆண் பெண் தெரியாது. வெள்ளை கறுப்பும் தெரியாது. ஆனால் கவனியுங்கள். மேலே சொன்ன பரீட்சையிலே பெண்ணுக்கென்று இறாத்தல் குறைக்கப்படவில்லை, விநாடி கூட்டப்படவில்லை. எல்லாருக்கும் அதே அங்கி, அதே பொம்மை, அதே 10 நிமிடம் 20 விநாடி. மாறியது வேறொன்று. 2006ஆம் ஆண்டிலே சம வேலைவாய்ப்பு ஆணைக்குழுவுக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, பரீட்சைக்கு முந்திய எட்டு வார காலத்துள் ஒவ்வொரு பரீட்சார்த்திக்கும் குறைந்தது இரண்டு அறிமுக வகுப்புகளும், நேரம் குறித்து ஓடிப் பார்க்கும் இரண்டு ஒத்திகைகளும் அளிக்கப்படவேண்டும். அந்தச் சம்மட்டியைத் தொட்டுப் பார்க்கலாம். அந்தப் பொம்மையை எப்படிப் பிடித்தால் இழுக்க இலகு என்று கேட்டறியலாம். தன் குறை காலிலா மூச்சிலா என்று கண்டு, வீட்டிலே பழகிக்கொண்டு வரலாம்.

இதனாற் சித்தியடைவோர் தகுதி குறைந்தவராவாரா? ஆகமாட்டார். தகப்பன் தீயணைப்போனாக இருந்த பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்த அறிமுகம், தையற்காரியின் பிள்ளைக்கும் கிடைக்கிறது, அவ்வளவே. நான் கற்ற மிஷன் பாடசாலையிலே விளையாட்டுப் போட்டி நிகழ்வதற்குப் பல நாள் முன்பே அதன் விதிகளை அறிவிப்புப் பலகையிலே ஒட்டிவிடுவார்கள். விதி தெரிந்ததனால் எவரும் வேகமாக ஓடிவிடவில்லை. ஆனால் விதி தெரியாமையால் எவரும் தோற்கவுமில்லை. இவ்வளவு செய்தும் ஐக்கிய நாடுகளிலே சம்பளம் பெறும் தீயணைப்போருள் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐவரே. ஆகவே இந்த ஒழுங்கு எல்லாத் தடைகளையும் நீக்கிவிட்டது என்று நான் கூறவில்லை. ஓர் அநியாயமான தடையை நீக்கியது என்றே கூறுகிறேன்.

இனி எழுத்துப் பரீட்சை. நெருப்பணைப்பவனுக்கு எழுத்துப் பரீட்சை எதற்கு என்று சிரிக்கவேண்டாம். ஒரு கட்டடத்தின் படத்தைச் சில நிமிடம் காட்டி மறைத்துவிட்டு, வாசல் எத்தனை, ஏணி எந்தப் பக்கம், யன்னலிலே யார் நின்றார் என்று கேட்பார்கள். புகையினுள் நுழைந்தவன் வழியை நினைவிலேதான் வைத்திருக்கவேண்டும். கட்டளையை வாசித்து அதன்படி ஒழுகுதல், கப்பியும் நெம்புகோலும் வேலை செய்யும் விதம், வரைபடம் பார்த்து வழி காணுதல் முதலியனவும் வரும். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் நியூயோர்க்கிலே 1999ஆம், 2002ஆம் ஆண்டுகளில் நடந்த எழுத்துப் பரீட்சைகள் வேலைக்கு வேண்டிய பல குணங்களை அளவாமல் விட்டு, படிப்புச் சார்ந்த சிலவற்றை மாத்திரம் அளந்தன. புள்ளி வரிசைப்படியே ஆட்கள் எடுக்கப்பட்டமையால், ஓரிரு புள்ளி வித்தியாசம் ஒருவனைப் பட்டியலில் நூற்றுக்கணக்கான இடங்கள் கீழே தள்ளிவிடும். அப்போது அந்நகர மக்களுள் ஏறத்தாழக் காற்பங்கினர் கறுப்பினத்தவர். தீயணைப்போருள் அவர்கள் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. 2007ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கமே நகரத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. முன்னர் சொன்ன வல்கன் சங்கமும் அதிற் சேர்ந்துகொண்டது. 2009ஆம் ஆண்டில் நீதிபதி நிக்கலஸ் கரோபிஸ் அப்பரீட்சைகள் சட்டத்துக்கு மாறானவை என்று தீர்த்தார். 2012ஆம் ஆண்டில் புதிய பரீட்சை நடந்தது. 2014ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 கோடி 80 இலட்சம் டொலர் நட்டஈட்டோடு வழக்குச் சமரசமாயிற்று. தவறான அளவுகோலைக் கையில் வைத்திருப்பதற்கு ஒரு நகரம் கொடுத்த விலை அது.

பரீட்சைகள் முடிந்தாலும் வேலை கைக்கு வந்துவிடாது. நியூயோர்க்கின் தகுதிப் பட்டியல் நான்கு ஆண்டுவரை நடைமுறையில் இருக்கும். தன் எண் வரும்வரை காத்திருக்கவேண்டும். அதன்பின் பூர்வீக விசாரணை: பொலிஸ் பதிவு, வாகனம் ஓட்டிய வரலாறு, முன்னர் செய்த வேலைகள். பிறர் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே செல்ல உரிமை பெறுபவனல்லவா! பல நகரங்களில் நேர்முகப் பரீட்சையும் உண்டு. அங்கே வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று: "எரிந்த வீட்டிலே மேசைமேற் கிடந்த மோதிரத்தை உன் சக வீரன் சட்டைப்பையிற் போடக் கண்டாய், என்ன செய்வாய்?" பலமுள்ளவனுக்கும் படித்தவனுக்கும் நாக்குத் தடுமாறும் இடம் இது. பின்னர் மனநிலை ஆய்வும் வைத்திய பரிசோதனையும். இதயத்தை மிகவும் கவனமாகப் பார்ப்பார்கள். ஏனெனில் அந்நாட்டிலே கடமையின்போது உயிர் துறக்கும் தீயணைப்போரின் மரணத்துக்குரிய காரணங்களுள் நெடுங்காலமாக முதலிடம் பெற்றிருப்பது மாரடைப்பே.

இவ்வளவையும் கடந்தவன் றன்டல்ஸ் தீவிலுள்ள பயிற்சிக் கழகத்துக்குச் சென்று பதினெட்டு வாரம் பயில்வான். அதன்பின் ஒரு நிலையத்துக்கு அனுப்பப்படுவான். அங்கே அவன் முதலிற் செய்வது என்ன? நிலத்தைக் கழுவுவான், பாத்திரம் துலக்குவான், கருவிகளைத் துடைத்து அடுக்குவான். மணி அடித்தால் எல்லாருக்கும் முன் எழுந்திருப்பான். நன்னடத்தைக் காலம் முடியும்வரை அவன் புதியவனே. ஆயிரக்கணக்கானோரைப் பின்தள்ளி வந்தவனுக்குக் கையிலே கொடுப்பது விளக்குமாறு. கோயில் வீதியைக் கூட்டிப் பழகிய நம் தொண்டர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கவேண்டியதில்லை.

சகோதரர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது யாது? பரீட்சையிலே தவறிய ஒருவன் தன்னையே தகுதியற்றவன் என்று எண்ணிச் சோர்வது நம்மிடையே அதிகம். எந்த அளவுகோலால் அளந்தார்கள், அந்த அளவுகோல் வேலையை அளந்ததா, அல்லது வீட்டுச் சூழ்நிலையை அளந்ததா என்று கேட்பது குற்றமன்று. அதேவேளை, அளவுகோல் சரியானதாயின் அதன்முன் சாக்குச் சொல்லாமல் நிற்கவும் வேண்டும். 165 இறாத்தற் பொம்மை எவருக்காகவும் இலேசாகாது.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஊரிலும் அந்தச் சாப்பாட்டு மேசை இருக்கிறது. கந்தோரிலே வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு விண்ணப்பம் நிரப்பும் விதமும் நேர்முகப் பரீட்சையில் நடந்துகொள்ளும் விதமும் தானாகவே தெரிந்துவிடுகின்றன. தோட்டம் கொத்துபவரின் பிள்ளை, கடலுக்குப் போகிறவரின் பிள்ளை, அந்த அறைக்குள் முதன்முறையாக நுழைந்து, எங்கே இருப்பது, எதைப் பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறது. அப்பிள்ளைக்குச் சலுகைப் புள்ளி தரும்படி நான் கேட்கவில்லை. நியூயோர்க்காருக்கு வழக்கும் நட்டஈடும் கற்பித்த பாடத்தை நாம் செலவின்றியே கைக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு மாலை நேரம், இச்சங்க மண்டபத்திலே, உத்தியோகத்தில் இருக்கும் அண்ணன்மாரும் அக்காமாரும், ஓய்வு பெற்ற பெரியோரும் அமர்ந்து, பரீட்சைக்கும் நேர்முகத்துக்கும் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஒத்திகை நடத்தினால் என்ன? அவர்கள் கேள்வி கேட்கட்டும், பிள்ளைகள் தடுமாறட்டும், இங்கேயே தடுமாறி, இங்கேயே திருந்திக்கொள்ளட்டும்.

அடுத்த ஆண்டு மலரிலே, இவ்வொத்திகை எத்தனை மாலை நடந்தது என்று செயலாளர் அவர்களின் அறிக்கையில் ஒரு வரி இடம்பெறுமாயின் இப்பேச்சு பயன் பெற்றதாகக் கொள்வேன்.